மூணு எண்ணும் வரைக்கும்

பிரெஞ்சில் குஸ்திக்கு இரண்டு சொற்கள் உண்டு. ‘லுத்’ என்றால் ஒலிம்பிக்கில் நடக்கிற அசல் மல்யுத்தம். பாய் விரித்து, புள்ளிக் கணக்குப் போட்டு ஆடுவது. ‘காட்ச்’ என்றால் கயிறு கட்டிய மேடையில், பளபளக்கும் ஜட்டி போட்டுக்கொண்டு, யார் ஜெயிக்க வேண்டும் என்று முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டு ஆடுவது. இங்கிலாந்தில் ‘காட்ச் ஆஸ் காட்ச் கேன்’ என்று ஒரு பழைய குஸ்திப் பாணி இருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் அந்த நீளமான பெயரின் தலையை மட்டும் வெட்டியெடுத்துத் தங்கள் மொழியில் சேர்த்துக்கொண்டார்கள்.

தமிழில் நமக்கு இரண்டுமே குஸ்திதான். அதனால்தான் நம் வீடுகளில் டிவி முன்னால் ‘நிஜமா, டூப்பா?’ என்று ஒரு வழக்கு இன்றுவரை தீர்ப்பாகாமல் நடந்துகொண்டிருக்கிறது. பிரெஞ்சு மீடியத்தில் படித்த எங்களுக்கு அந்த வழக்கே எழவில்லை. சொல்லிலேயே தீர்ப்பு இருந்தது. ரொலான் பார்த் என்ற பிரெஞ்சு எழுத்தாளர் 1957இல் ‘மித்தொலொழி’ என்று ஒரு புத்தகம் போட்டார். அதன் முதல் கட்டுரையே காட்ச் பற்றியதுதான். அது விளையாட்டு அல்ல, நாடகம். நாடகத்தைப் பார்த்து நிஜமா என்று கேட்பதில் அர்த்தமில்லை என்பது அவர் கட்சி. தெருக்கூத்தில் துரியோதனன் தொடையில் அடிபட்டு விழும்போது, அடி நிஜமா என்று யாராவது எழுந்து கேட்கிறோமா? அது போலத்தான்.

இதையெல்லாம் இப்போது எதற்குச் சொல்கிறேன் என்றால், எழுபத்தைந்து வயதில் நான் காட்ச் ஆடிக்கொண்டிருக்கிறேன். பதறாதீர்கள், மேடையில் அல்ல. டிவிப் பெட்டியில், இன்டர்நெட் வழியாக. காலையில் பீச் ரோட்டில் என்னோடு நடக்கிற நண்பர்களுக்கு இது தெரிந்த நாளிலிருந்து எனக்குப் ‘பயில்வான்’ என்று பெயர். “லைஃப் சர்டிபிகேட் குடுக்குற வயசுல உனக்கு எதுக்குப்பா குஸ்தி?” என்று ஒருவர் கேட்டார். நவம்பரில் உயிரோடு இருக்கிறேன் என்று எழுதிக் கொடுப்பதைவிட, செவ்வாயும் சனியும் ஒருவனைத் தலைக்கு மேல் தூக்கிக் கீழே போடுவது நல்ல அத்தாட்சி இல்லையா?

கதை இதுதான். நம் ஊரில் பாதி வீடுகளைப் போல எங்கள் வீட்டிலும் ஒரு கால் பிரான்சில் இருக்கிறது. மகன் பாரீசுக்கு வெளியே ஒரு புறநகரில் குடும்பத்தோடு இருக்கிறான். பேரனுக்குப் பதின்மூன்று வயது. இரண்டு வருஷத்துக்கு முன் லீவில் வந்தபோது மகன் ஒரு பிளேஸ்டேஷனைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். அங்கே பேரனிடம் இருக்கிற அதே கம்பெனிப் பெட்டி. வேறு கம்பெனிப் பெட்டியாக இருந்தால் இந்த விளையாட்டில் ஒன்றோடு ஒன்று பேசாதாம். (நம் இலாகாக்கள் மாதிரி.) பேரனுக்குப் பிடித்தது டபிள்யூ டபிள்யூ ஈ டூ கே என்ற காட்ச் விளையாட்டு. கோடையில் பாரீசுக்கும் நமக்கும் மூன்றரை மணி வித்தியாசம், குளிர்காலத்தில் நாலரை. அவன் பள்ளி விட்டு வந்து, பாடம் எழுதி முடிக்கும் நேரத்தில் எனக்கு ராத்திரிச் சாப்பாடு முடிந்திருக்கும். அப்போது உட்காருவோம்.

டெலிபோனில் பேரனிடம் பேசுவது எப்படி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. “சாப்டியா?” “ம்.” “ஸ்கூல் போனியா?” “ம்.” அதோடு போன் அவன் அம்மா கைக்குப் போய்விடும். இந்த விளையாட்டில் அப்படியில்லை. ஒரு மணி நேரம் இருவரும் சேர்ந்து இருக்கிறோம். தமிழும் பிரெஞ்சும் கலந்து கத்திக்கொள்கிறோம். அவன் சிரிப்பு எனக்குக் கேட்கிறது. எனக்கு அது போதும்.

விளையாடும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கையில் ‘மனெத்’ என்று பிரெஞ்சில் சொல்கிற பிடி. ஒரு பொத்தான் லேசாக அடிக்க, ஒன்று பலமாக அடிக்க, ஒன்று கட்டிப்பிடிக்க. எதிராளி அடிக்க வரும்போது சரியான கணத்தில் இன்னொரு பொத்தானை அழுத்தினால் அடி திரும்பி அவனுக்கே போகும். இந்தக் கணம்தான் எல்லாம். அடித்துக்கொண்டே போனால் ஒரு கோடு நிரம்பும். நிரம்பினால் அந்த வீரனுக்கே உரிய கடைசி அடியைப் போடலாம். பிறகு எதிராளியை மல்லாத்தி, தோள் தரையில் படும்படி அழுத்த வேண்டும். நடுவர் தரையைத் தட்டி ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவார். கீழே கிடப்பவன் அதற்குள் சரியாகப் பொத்தானைத் தட்டினால் தோளைத் தூக்கித் தப்பிக்கலாம். மூன்று விழுந்தால் மணி அடித்துவிடும்.

நான் எழுத உட்கார்ந்த விஷயம் அந்த இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் இருக்கிறது. ஒன்று விழும், இரண்டு விழும். மூன்று விழாது. திரை உறைந்து நிற்கும். எதிராளி விலகிவிட்டார் என்று ஓர் அறிவிப்பு வரும். விலகவில்லை ஐயா, தோற்கப்போகிறோம் என்று தெரிந்ததும் பெட்டியை அணைத்துவிட்டான். இன்டர்நெட்டில் யார் யாரோடோ ஆடியிருக்கிறேன். இப்படி ஓடுகிறவர்கள் அவ்வளவு பேர். சிலர் வேறு மாதிரி. ஒரே உதையைத் திரும்பத் திரும்ப உதைத்துக்கொண்டிருப்பார்கள், வேறு வித்தையே தெரியாதது போல. சிலர் மேடையை விட்டு இறங்கிச் சுற்றிச் சுற்றி ஓடுவார்கள். அதையெல்லாம்கூட நான் மன்னித்துவிடுவேன். ஓடுகிறவனும் விளையாட்டுக்குள்தான் ஓடுகிறான். நடுவர் பத்து எண்ணுவதற்குள் மேடைக்குத் திரும்பித்தான் ஆக வேண்டும். அணைத்துவிட்டுப் போகிறவனை எந்த நடுவர் எண்ணுவது?

நான் முன்பு வேலை பார்த்த ஓர் ஆபீசில் சிப்பந்திகள் கிளப் இருந்தது. சாயங்காலம் கேரம் போர்டு. அங்கே ஒரு நண்பர், நல்ல கை. ரெட்டைப் போட்டு ஃபாலோவையும் ஒரே மூச்சில் போடுவார். ஆனால் எதிராளிக்கு இரண்டு காய் மட்டும் மிச்சம் என்கிற நிலை வந்தால், பவுடர் டப்பாவை எடுக்கிற சாக்கில் முழங்கை பட்டுப் போர்டு கலைந்துவிடும். “அடடா, பட்டுடுச்சே!” என்பார். பத்து வருஷம் அந்த முழங்கை பட்டுக்கொண்டே இருந்தது. அவரை யாரும் திட்டவில்லை. அவரோடு யாரும் உட்காரவில்லை, அவ்வளவுதான். ஆனால் அவருக்குக்கூட எங்கள் முகத்தைப் பார்த்து ‘அடடா’ என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருந்தது. இந்த விளையாட்டில் அந்த ‘அடடா’வும் இல்லை. முகமே இல்லை.

அசல் குஸ்தியில் தோற்றவனுக்கு எவ்வளவு வேலை இருக்கிறது பாருங்கள். ஒலிம்பிக் பாயில் ஆட்டம் முடிந்ததும் நடுவர் இருவரையும் இரண்டு பக்கம் நிறுத்தி, ஜெயித்தவன் கையை உயர்த்துகிறார். தோற்றவன் அதுவரை பக்கத்தில் நிற்க வேண்டும். பிறகு எதிராளியின் கோச்சிடம் போய்க் கை கொடுக்கிறான். நம் நாட்டுப் பயில்வான்கள் களத்து மண்ணை எடுத்துத் தங்கள் உடம்பில் மட்டுமல்ல, எதிராளி உடம்பிலும் போடுவார்கள். பிடி வழுக்காமல் இருக்க மட்டுமல்ல, ஆசீர்வாதமாகவும்தான். பெத்தாங்க் ஆடுகிற நண்பர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும்: பிரான்சில் 13-0 என்று ஒரு புள்ளிகூட எடுக்காமல் தோற்றவர், ‘ஃபான்னி’ என்ற அம்மாளின் படத்தையோ பொம்மையையோ, அதன் பின்பக்கத்தில், மண்டியிட்டு முத்தமிட வேண்டும் என்று ஒரு குறும்பு வழக்கம் உண்டு. நம் ஊரில் நான் பார்த்ததில்லை. இங்கே சோடாவோடு முடிந்துவிடும். ஆனால் ஒன்று, அந்த முத்தத்துக்கும் தோற்றவன் அங்கே இருந்தாக வேண்டும்!

சரி, காட்ச் எப்படி? அதுதான் பேசிவைத்த நாடகமாயிற்றே, அதில் என்ன பெருந்தன்மை என்று கேட்பீர்கள். இங்கேதான் நான் பலரோடும் மாறுபடுகிறேன். என் அபிப்பிராயத்தில் தோற்கிற கலை காட்சில்தான் உச்சத்துக்குப் போயிருக்கிறது.

கிங்காங்கை எடுத்துக்கொள்ளுங்கள். நம் வயதுக்காரர்களில் கிங்காங், தாராசிங் பெயர் தெரியாதவர் இருக்க முடியாது. தாராசிங்கைப் பிற்காலத்தில் டிவி ராமாயணத்தில் அனுமாராகப் பார்த்தோம்; ராஜ்யசபை உறுப்பினராகவும் இருந்தார். கிங்காங் யார்? ஹங்கேரியக்காரர், சிங்கப்பூரில் குடியேறியவர், 200 கிலோ என்று சொல்வார்கள். ஊர் ஊராக வந்து தாடியைத் தடவிக்கொண்டு கர்ஜிப்பார். ஜனங்கள் திட்டித் தீர்ப்பார்கள். கடைசியில் தாராசிங் அவரைத் தலைக்கு மேல் தூக்குவார். கூட்டம் வீட்டுக்குச் சந்தோஷமாகப் போகும். அந்த 200 கிலோவைத் தூக்கினதால்தானே தாராசிங் தாராசிங் ஆனார்? தூக்கப்படுவதற்கு ஒருவர் வேண்டியிருந்தது. 1970இல் கார் விபத்தில் அடிபட்டுக் கிங்காங் இறந்துபோனார். அவர் பெயரைச் சொல்லாமல் இன்றுவரை நம்மால் தாராசிங் பெயரைச் சொல்ல முடியவில்லை.

இன்னொருவர், நான் விளையாட்டில் எப்போதும் தேர்ந்தெடுக்கிற ஆள்: அந்த்ரே. அமெரிக்காக்காரர்கள் ‘ஆந்த்ரே தி ஜயன்ட்’ என்பார்கள். 1990களில் நம் பிள்ளைகள் திண்ணையில் உட்கார்ந்து உயரம், எடை, மார்பளவு என்று கூவி டிரம்ப் கார்டு ஆடிக்கொண்டிருந்தார்களே, அந்தக் கட்டுகள் வழியாகப் பல வீடுகளில் அவர் அறிமுகம். அவர் பிரெஞ்சுக்காரர் என்பது நம் ஊரிலேயே பலருக்குத் தெரியாது. பாரீசுக்குக் கிழக்கே மொலியேன் என்ற குக்கிராமத்தில் வளர்ந்தவர். பெற்றோர் பல்கேரியாவிலிருந்தும் போலந்திலிருந்தும் வந்து குடியேறியவர்கள். அந்தப் பக்கத்தில்தான் சாமுவேல் பெக்கெட் வீடு கட்டிக்கொண்டு இருந்தார்; ஊர்ப் பிள்ளைகளைச் சில சமயம் தன் வண்டியில் பள்ளிக்கு ஏற்றிக்கொண்டு போவார், அதில் அந்த்ரேயும் உண்டு என்பார்கள். நோபல் பரிசு வாங்கிய நாடகாசிரியர் ஒருவரும், பின்னாளில் இன்னொரு வகை நாடகத்தில் பெரிய ஆளாகப்போகிற ஒரு பையனும் ஒரே வண்டியில் போகிறதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

அந்த்ரேக்கு வளர்ச்சிச் சுரப்பில் கோளாறு. வளர்வது நிற்கவேயில்லை. 520 பவுண்டு என்று விளம்பரம் செய்தார்கள். நம் கணக்கில் 236 கிலோ. 1987 மார்ச் 29ஆம் தேதி அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் ஒரு பிரம்மாண்டமான ஸ்டேடியத்தில் அவருக்கும் ஹல்க் ஹோகனுக்கும் ஆட்டம். 93,173 பேர் வந்ததாக அறிவித்தார்கள். (அந்த எண்ணிக்கையில் தகராறு உண்டு. அறிவித்த எண்ணுக்கும் உள்ள எண்ணுக்கும் வித்தியாசம் வருவது கிளார்க்காக இருந்த எனக்குப் புதிதல்ல.) அப்போது அவர் முதுகில் ஆபரேஷன் முடிந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. உடுப்புக்கு உள்ளே பட்டை கட்டிக்கொண்டு வந்தார். நிற்கவே சிரமம். அந்த நிலையில் அவரைத் தூக்கித் தரையில் அடிக்க ஹோகனுக்கு இடம் கொடுத்தார். அவர் மனம் வைக்காவிட்டால் அந்த உடம்பை யாரும் அசைத்திருக்க முடியாது. ஒன்று, இரண்டு, மூன்று எண்ணும் வரைக்கும் கிடந்தார். அடுத்த பல வருஷங்களுக்கு அந்தத் தொழிலே அந்த ஒரு காட்சியில்தான் பிழைத்தது என்று சொல்லலாம். 1993 ஜனவரியில், தகப்பனார் அடக்கத்துக்காகப் பிரான்சுக்கு வந்தவர், பாரீசில் ஓர் ஓட்டல் அறையில் தூக்கத்திலேயே போய்விட்டார். வயது 46.

இப்போது விளையாட்டுக்கு வருகிறேன். அதில் அந்த்ரேயின் உருவம் இருக்கிறது, நடை இருக்கிறது, அந்தச் சுருட்டை முடி இருக்கிறது. ஆனால் யார் ஜெயிக்க வேண்டும் என்று யாரும் பேசிவைக்கவில்லை. இருவருமே ஜெயிக்கத்தான் வருகிறோம். ஆக, உடுப்பு காட்ச், உயிர் லுத். காட்சின் விட்டுக்கொடுத்தலும் வரவில்லை, லுத்தின் கைகுலுக்கலும் வரவில்லை. இரண்டு வீட்டுச் சாமானையும் எடுத்துக்கொண்டு இரண்டு வீட்டு மரியாதையையும் வாசலிலேயே விட்டுவிட்டு வந்த கதை. வன்முறை, ரத்தம், பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்று நம் வயதுக்காரர்கள் புகார் சொல்கிறார்கள். எனக்கு அந்தக் கவலை இல்லை. திரையில் நாற்காலியால் அடிக்கிற பையன் நாளைக்கு வகுப்பில் நாற்காலியைத் தூக்கப்போவதில்லை. ஆனால் இரண்டு எண்ணும்போது பெட்டியை அணைக்கிற பையன் நாளைக்கு எதை எதையெல்லாம் அணைப்பான் என்ற கவலை எனக்கு உண்டு.

ஏனென்றால் என் பேரன் அணைத்துக்கொண்டிருந்தான்.

முதல் சில வாரம் நெட் கோளாறு என்றே சொன்னான். நெட் கோளாறு எப்போதும் நான் அவனை மல்லாத்தின பிறகே வருவது ஏன் என்று முப்பத்தைந்து வருஷம் டி.ஏ. பில்களைச் சரிபார்த்த ஆளுக்குத் தெரியாமல் போகுமா? மகனிடம் சொன்னேன். அவன், “ஸெ ழுஸ்த் அன் ழே, பாப்பா” என்றான். வெறும் விளையாட்டுத்தானே அப்பா, விட்டுடுங்க என்கிறான். வெறும் விளையாட்டுத்தான். ஆனால் அந்தப் பையன் ஃபுட்பால் கிளப்பில் ஒரு நாள் பாதி ஆட்டத்தில் வெளியே உட்காரவைத்தார்கள் என்பதற்காக மறுவாரத்திலிருந்து போகவில்லை. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் டீச்சர் அவன் ‘ழ’வைத் திருத்தினார் என்று அதையும் நிறுத்திவிட்டான். (அவன் பேரிலும் பெரிய தப்பு இல்லை. பிரெஞ்சு ‘ழே’யை நாம்தான் ‘ழ’ போட்டு எழுதிப் பழக்கியிருக்கிறோம். அவன் ‘தமிழ்’ என்றால் கடைசியில் தேனீ பறக்கிற சத்தம் வரும்.) மூன்றும் வேறு வேறு விஷயம் என்று மகன் நினைக்கிறான். எனக்கு ஒரே கோப்பில் மூன்று பக்கமாகத்தான் தெரிகிறது.

நான் பையனைத் திட்டவில்லை. மொபைலில் அந்த்ரே விழுந்த அந்த ஆட்டத்தைத் தேடி அனுப்பினேன். “தாத்தா, இவர் ஏன் எழுந்திருக்கல?” என்று கேட்டான். “எழுந்திருக்க முடியும். இருந்தாலும் படுத்திருக்கார்” என்றேன். அதற்கு மேல் பிரசங்கம் பண்ணவில்லை.

அதற்கடுத்த வாரம் நடந்ததுதான் வேடிக்கை. தொடர்ந்து ஐந்து ஆட்டம் நான் ஜெயித்தேன். ஆறாவதில் அவன் ஆள் கயிற்றோரம் போய் கம்பம் மாதிரி நிற்கிறான். அடித்தால் வாங்கிக்கொள்கிறான். திருப்பி அடிக்கிற பொத்தானைத் தொடுவதே இல்லை. என் கை வேகம் எனக்குத் தெரியும். ஐந்து ஆட்டம் தொடர்ந்து ஜெயிக்கிற கை அல்ல இது. “என்னடா இது?” என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, “அப்பாதான் சொன்னாங்க. உங்களுக்கு பி.பி. இருக்காம்” என்றான்.

அன்றைக்குத்தான் எனக்கு உண்மையில் பி.பி. ஏறியது. பெட்டியை அணைத்துவிட்டு ஓடுகிறவன் என்னிடமிருந்து ஓர் ஆட்டத்தைத்தான் பிடுங்கிக்கொள்கிறான். கம்பம் மாதிரி நிற்கிறவன் என்னையே ஆட்டத்திலிருந்து கழித்துவிடுகிறான். வயதானவர்கள் எல்லாருக்கும் இது தெரியும். கல்யாண வீட்டில் “நீங்க உக்காருங்க பெரியப்பா, நாங்க பாத்துக்கிறோம்” என்று நாற்காலியைக் காட்டுவார்களே, அது மரியாதை மாதிரிதான் இருக்கும். கிங்காங் கம்பம் மாதிரி நிற்கவில்லை ஐயா. கர்ஜித்தார், அடித்தார், தாராசிங்கை மூச்சு வாங்கவைத்தார். அதற்குப் பிறகுதான் விழுந்தார். அந்த்ரே அந்த முதுகோடு வந்து முதலில் ஹோகனைப் புரட்டியெடுத்தார். எதிராளியைப் பெரியவனாகக் காட்டுவதற்கு நம் முழுப் பலத்தையும் காட்டியாக வேண்டும். பலத்தை ஒளித்துவைத்துக்கொண்டு தோற்பதற்குப் பெயர் தர்மம் போடுவது. நான் பென்ஷன் வாங்குகிறவன். தர்மம் வாங்குகிறவன் அல்ல.

மகனிடம் போனில் இதைச் சொன்னபோது அரைமணி நேரம் வாக்குவாதம். அவன் கட்சியிலும் நியாயம் இல்லாமல் இல்லை. தூரத்தில் இருக்கிற பிள்ளைக்கு அப்பாவின் பி.பி. மாத்திரையை எண்ண முடியாது; இப்படி ஏதாவது செய்தால்தான் அவனுக்கும் நிம்மதி. ஆனாலும் என் ஆட்டத்தை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிடச் சொன்னேன். கொடுத்தான். அதற்குப் பிறகு வாரத்துக்கு நாலு தடவையாவது பேரன் என்னைத் தலைக்கு மேல் தூக்கிப் போடுகிறான்.

முகம் தெரியாதவர்களிடமும் நல்லது பார்த்திருக்கிறேன்; அதையும் சொல்லாவிட்டால் பாவம். ஒரு நாள் யாரோ ஒருவர், எந்த நாடோ, ஆடிக்கொண்டிருந்தபோது என் பக்கத்து நெட் திணறியது. என் அந்த்ரே மேடை நடுவில் கையைத் தூக்கியபடி சிலையாக நிற்கிறார். ஓடிவந்து நாலு அடி போட்டிருக்கலாம். போடவில்லை. மூலையில் போய்க் காத்துக்கொண்டிருந்தார். நெட் சரியானதும் என் ஆள் அசைந்ததைப் பார்த்துவிட்டு, அவருடைய ஆளை ஒரு தடவை கையைத் தட்டவைத்தார். அப்புறம் என்னைச் சாத்து சாத்தென்று சாத்தி ஜெயித்தார். அப்படித் தோற்பதில் ஒரு சுகம் இருக்கிறது.

இன்னொருவன் பிரான்சுப் பையன் போலிருக்கிறது. நான் ஜெயித்ததும் பிரெஞ்சில் ஒரு வசவு எழுதி அனுப்பினான். எனக்குப் புரியாது என்று நினைத்திருப்பான். இரண்டு வரியில் ஐந்து எழுத்துப் பிழை. எங்கள் காலத்து ‘திக்தே’யில் ஒரு பிழைக்கு நாலு மார்க் போகும், ஐந்து பிழை என்றால் இருபதுக்குச் சைபர். ஐந்தையும் திருத்தி, கீழே ‘0/20’ என்று போட்டுத் திருப்பி அனுப்பினேன். பத்து நிமிஷம் கழித்துப் பதில் வந்தது, சிரிக்கிற பொம்மையோடு: “முசியே, இன்னொரு ஆட்டம்?” ஆடினோம். அந்தத் தடவை அவன் தோற்றான். மூன்று எண்ணும் வரைக்கும் இருந்தான்.

நம் வயதுக்காரர்களிடம் எனக்கு ஒரு சண்டை பாக்கி இருக்கிறது. பேரப்பிள்ளைகள் எந்நேரமும் அந்தப் பெட்டியையே கட்டிக்கொண்டு அழுகிறார்கள் என்று பெஞ்சில் உட்கார்ந்து பேசுகிறோம். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பிடியைக் கையில் வாங்கிக்கொண்டு அவர்களிடம் அடி வாங்குகிற தாத்தா பாட்டி எத்தனை பேர்? தாயமும் பல்லாங்குழியும் நமக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் நம்மோடு தரையில் உட்கார்ந்து தோற்றார்கள். “அழுகுணி ஆட்டம் ஆடாதே” என்று தலையில் ஒரு குட்டு வைக்க அவர்கள் கை எட்டும் தூரத்தில் இருந்தது. இப்போது பிள்ளைகள் உலகம் முழுக்க ஆளோடு ஆடுகிறார்கள், பக்கத்தில் குட்டு வைக்க ஆளில்லை. முழங்கால் வலிக்கிறது, கண் தெரியவில்லை என்று சாக்குச் சொல்லாதீர்கள். சோபாவில் உட்கார்ந்துதான் ஆடுவது, திரை பெரிசுதான்.

நான் ஒரு ரிஜிஸ்தர் போட்டிருக்கிறேன். பழக்கதோஷம். நீள நோட்டு, ரூல் போட்டது. தேதி, ஆட்டக்காரர், வெற்றி, தோல்வி, விலகல், குறிப்பு என்று ஆறு பத்தி. விலகல் பத்தி சிவப்பு மையில். வீடியோ காலில் ஒரு நாள் பேரனுக்குக் காட்டினேன். முதல் பக்கத்தில் அவன் பெயருக்கு நேரே சிவப்பாக இருந்ததைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. இப்போது மூன்று பக்கமாகச் சிவப்பு இல்லை. சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கும் போக ஆரம்பித்திருக்கிறான் என்று மருமகள் சொன்னாள். அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டென்று நான் உரிமை கொண்டாடவில்லை. ஃபுட்பாலுக்கு இன்னும் போகவில்லை.

ஆனால் போன வாரத்திலிருந்து எங்களுக்குள் ஒரு புது வழக்கு. சனிக்கிழமை ராத்திரி அவன் என்னை மல்லாத்தி, இரண்டு எண்ணியபோது, எங்கள் தெருவில் கரண்ட் போய்விட்டது. அதை என் பெயருக்கு நேரே சிவப்பு மையில் ஏற்ற வேண்டும் என்கிறான். முடியாது, அது ‘ஃபோர்ஸ் மழோர்’, மனித சக்திக்கு அப்பாற்பட்டது, விதிவிலக்கு உண்டு என்று சட்டம் சொன்னேன். அப்படியென்றால் அம்மா சாப்பிடக் கூப்பிடுவதும் ஃபோர்ஸ் மழோர்தான், பழைய சிவப்பில் இரண்டை எடுத்துவிடுங்கள் என்கிறான். கரண்ட் போனதற்கு அத்தாட்சி கேட்டான். மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஒரு போட்டோ எடுத்து அனுப்பினேன். மெழுகுவத்தியை யார் வேண்டுமானாலும் ஏற்றலாமாம். இன்வெர்ட்டர் என்ன விலை என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.